பூ எடுத்துப் படிப்பவர்கள் நிதியுதவி பெறுவது எப்படி?

பரீட்சை ஏப்ரலில் முடிகிறது. கல்லூரி திறந்ததும் கட்டணம் கட்ட வேண்டும். இடைப்பட்ட நாட்களில் மதுரையைச் சுற்றி மல்லிகை கொட்டுகிறது. வலையங்குளம், எலியார்பத்தி, திருமங்கலம், உசிலம்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் பூ எடுக்க ஆள் இல்லையே என்று புலம்புகிறார்கள். சும்மா இருக்கும் மாணவன் ஒரு பக்கம், ஆள் கிடைக்காத தோட்டம் இன்னொரு பக்கம், பணம் கேட்கும் கல்லூரி மூன்றாவது பக்கம். இப்படி லீவிலும் உழைத்துப் படிக்கிற பிள்ளைக்கு அரசாங்கம் நாலு காசு கொடுக்காமலா இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றும். கொடுக்கத்தான் செய்கிறது. யாருக்கு, எந்தக் கதவு வழியாக என்பதில்தான் கொஞ்சம் குழப்பம். தம்பி, தங்கச்சி, அந்தக் குழப்பத்தைப் போக்கவே இந்த வழிகாட்டி.

முதலில் சரியான அப்பாவாகப் பார்த்துப் பிறந்துகொள்ளுங்கள். முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று 2011 முதல் நடக்கிறது. நன்செய் இரண்டரை ஏக்கருக்குள், புன்செய் ஐந்து ஏக்கருக்குள் வைத்திருப்பவர்களும், நிலமே இல்லாத விவசாயக் கூலிகளும், 18 முதல் 65 வயது வரை அதில் சேரலாம். சேர்ந்தவரின் பிள்ளை ஐ.டி.ஐ.யோ பாலிடெக்னிக்கோ கல்லூரியோ படித்தால் ஆண்டுக்கு ஒரு தொகை கிடைக்கும். பெண்பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதல். நல்ல திட்டம்தான். இதில் உங்களுக்குள்ள வசதி என்னவென்றால், நீங்கள் வயலில் கால் வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அப்பா வைத்தால் போதும். மே மாதம் முழுக்க நீங்கள் பூ எடுத்தாலும் சரி, போர்வைக்குள் ரீல்ஸ் பார்த்தாலும் சரி, தொகை ஒன்றுதான். ‘நானே கூலி வேலை பார்க்கிறேன், எனக்கும் 18 ஆகிவிட்டது, நானே உறுப்பினராகச் சேர்கிறேனே’ என்று புத்திசாலித்தனமாக யோசிக்கிறீர்களா? தாராளமாகச் சேருங்கள். உங்களுக்குப் பிறக்கப்போகும் பிள்ளையின் கல்லூரிப் படிப்பைப் பற்றி இனிமேல் கவலை வேண்டாம்.

வயது என்றதும் இன்னொன்று. பதினான்கு முடியாதவர்கள் அடுத்தவர் தோட்டத்தில் பூ எடுக்கக் கூடாது. எடுத்தால் குழந்தைத் தொழிலாளர். 2016இல் திருத்திய சட்டம் ஒரு சின்னக் கதவை மட்டும் திறந்து வைத்திருக்கிறது. ஆபத்தில்லாத வேலையாக இருந்தால், பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் சொந்தக் குடும்பத்துக்கு உதவலாம். ஆக வரப்புக்கு அந்தப்பக்கம் பறித்தால் குற்றம், இந்தப்பக்கம் பறித்தால் உதவி. உதவிக்குக் கூலி கேட்கும் பிள்ளையை நம் ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஒன்பதாம் வகுப்பு வரை நிதியுதவி என்ற தலைப்பை இதோடு முடித்துக்கொள்ளலாம்.

இனி வேலைக்கு வருவோம். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். பூவுக்குத்தான் கொடுத்தார்கள், எடுக்கிற விரலுக்கு இல்லை. விடியுமுன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்க வேண்டும். இடுப்பில் துண்டையோ பழைய சேலையையோ மடியாகக் கட்டிக்கொள்ளுங்கள். எல்லா மொட்டையும் கிள்ளிவிடக் கூடாது. இன்று சாயங்காலம் விரியப்போவது எது, நாளைக்கு விரியப்போவது எது என்று கண் சொல்ல வேண்டும். முற்றிய மொட்டு தலை பருத்து வெள்ளையாக நிற்கும். பச்சை பாய்ந்திருந்தால் விட்டுவிட வேண்டும். நேற்று யாரோ விட்டுப்போய் விரிந்துவிட்ட பூவைக் கண்டால் கண்டுகொள்ளாமல் நகருங்கள், அதற்குச் சந்தையில் மரியாதை இல்லை. காம்போடு சேர்த்து நகத்தால் ஒரு கிள்ளு, அவ்வளவுதான். இப்படி ஆயிரக்கணக்கில் கிள்ளினால் ஒரு கிலோ வரும். முதல் அரைமணி நேரம் மடியில் ஏதாவது இருக்கிறதா என்று தடவிப் பார்க்கத் தோன்றும். பக்கத்து நிரையில் அறுபது வயது அப்பத்தா இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டே தன் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டு உங்களைத் தாண்டிப் போவார். உங்கள் டிகிரியை அவரிடம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

கூலி கிலோக் கணக்கு. வெயில் ஏறுமுன் எடை போட்டு, சாக்கில் அடைத்து, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு ஏற்றிவிடுவார்கள். இங்கேதான் இயற்கை மாணவர்களுக்கென்றே ஒரு விளையாட்டு வைத்திருக்கிறது. மல்லிகைச் செடி பங்குனி, சித்திரை, வைகாசி வெயிலில்தான் செழித்துப் பூக்கும். பூத்துத் தள்ளும்போது கிலோ சில நூறு ரூபாய்க்கு விழும்; மிஞ்சியதை சென்ட் கம்பெனிக்காரர்கள் அடிமாட்டு விலைக்கு அள்ளுவார்கள். அதே பூ மார்கழி, தைப் பனியில் செடியில் தேடினாலும் கிடைக்காது. கிலோ ஆயிரங்களில் ஏறும், பொங்கல் சமயத்தில் பத்திரிகைகள் அதைத் தங்கம் விலை மாதிரி எழுதும். அந்த நேரத்தில் நீங்கள் செமஸ்டர் வகுப்பில் இருப்பீர்கள். விலை இருக்கும்போது ஆள் இல்லை, ஆள் இருக்கும்போது விலை இல்லை. தோட்டக்காரரையும் குறை சொல்ல முடியாது. மே மாத விலையில் எடுகூலி, வண்டி வாடகை, கமிஷன் போகக் கையில் நிற்பதைப் பார்த்தால், அவரும் ஏதாவது நிதியுதவி இருக்கிறதா என்று உங்களிடமே கேட்பார்.

ஆனாலும் மாணவருக்கான உண்மையான நிதியுதவித் திட்டம் ஒன்று இந்தத் தோட்டத்தில்தான் நடக்கிறது. அதற்குப் பெயர் கிடையாது, இணையதளம் கிடையாது. எடை போட்டு முடிந்ததும் தோட்டக்கார அத்தையிடம் தயங்கித் தயங்கி, ‘அத்தை, ஃபீஸ் கட்டணும், கொஞ்சம் அட்வான்ஸ் வேணும்’ என்று கேட்டால் போதும். ‘எவ்வளவுடா?’ என்பார். அவரே கமிஷன் கடையில் அட்வான்ஸ் வாங்கித்தான் செடி வைத்திருப்பார். அந்தப் பணத்தில்தான் உங்களுக்கும் எடுத்துக் கொடுப்பார். வட்டி இல்லை, வருமானச் சான்று இல்லை, ஆதார் நகல் இல்லை. நிபந்தனை ஒன்றே ஒன்று: தை மாதம் ஆள் கிடைக்காதபோது விடிகாலையில் ஃபோன் அடிக்கும், நீங்கள் போர்வையை உதறிவிட்டு வர வேண்டும். ஒன்பது மணி வகுப்பில் உங்கள் மேல் மல்லிகை மணப்பதற்கு நண்பர்கள் வேறு காரணம் கற்பிப்பார்கள். அதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நூறு நாள் வேலைக்குப் போகலாமே என்று ஒரு மாமா யோசனை சொல்வார். நல்ல யோசனை. வயது 18 முடிந்திருந்தால் வீட்டின் வேலை அட்டையில் உங்கள் பெயரையும் சேர்க்கலாம்; 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். காலையில் ஒன்று, பிற்பாடு ஒன்று என்று வருகைப் பதிவுக்குச் செயலியில் படம் எடுப்பார்கள், அசையாமல் நில்லுங்கள். ஒரு சங்கதியை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். இது ஊராட்சிக்கு மட்டும். 2011இல் மதுரை மாநகராட்சியை நூறு வார்டாக விரித்தபோது அவனியாபுரம், திருப்பரங்குன்றம், ஆனையூர் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. வீட்டுக்குப் பின்னால் நெல்வயலே கிடந்தாலும் வாசலில் வார்டு எண் இருந்தால் நீங்கள் நகரவாசி. நகரவாசிக்கு விவசாயம் தெரியாது என்பது அரசின் நம்பிக்கை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இந்தத் திட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் போட்டு வேலை நாட்களை 125 ஆக்கியது. விதைப்பும் அறுப்பும் மும்முரமான காலத்தில் மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. அந்த நாட்களில் தோட்டத்துக்குப் போங்கள் என்று அர்த்தம். போனால் அத்தை இருக்கிறார்.

விவசாய வேலைக்கு மாணவனாகவே மாதச் சம்பளம் மாதிரி வாங்க ஒரு வழி உண்டு. பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்து, ஒத்தக்கடையில் யானைமலை அடிவாரத்தில் 1965 முதல் இருக்கும் வேளாண் கல்லூரியில் சேர்ந்துவிடுங்கள். நான்காம் ஆண்டில் கிராமத்தில் தங்கிப் பயிற்சி பெற அனுப்புவார்கள். அதற்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை வைத்திருக்கிறது. தலையில் ஒரே மாதிரித் தொப்பி, கையில் சார்ட் பேப்பர். விதை நேர்த்தி எப்படிச் செய்வது என்று, நாற்பது வருடமாக விதைத்துக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்குச் செயல்விளக்கம் காட்டுவார்கள். மறுநாள் பேப்பரில் படத்தோடு வரும். கிண்டலுக்குச் சொல்லவில்லை, அந்தப் பிள்ளைகளில் பலர் மண் பரிசோதனை முடிவைப் படித்துக் காட்டி, உரச் செலவைக் குறைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள். என் சந்தேகமெல்லாம் அந்தப் படத்தின் ஓரத்தில் கூடையோடு நிற்கும் பையனைப் பற்றியது. அவனும் மாணவன்தான், பி.காம். இரண்டாம் ஆண்டு. அவன் செய்தது பயிற்சி என்ற பெயரில் வராததால் வேலை என்ற கணக்கில் போய்விட்டது.

மாதம் ஆயிரம் ரூபாயைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்பிள்ளைகளுக்கு 2022 செப்டம்பர் 5 முதல் புதுமைப் பெண், பையன்களுக்கு 2024 ஆகஸ்ட் 9 முதல் தமிழ்ப் புதல்வன். நீ பூ எடுத்தாயா, அப்பாவுக்கு எத்தனை ஏக்கர் என்று எதுவும் கேட்காமல் நேராக மாணவரின் கணக்கில் விழுகிறது. இந்த வழிகாட்டியில் நான் வாயை மூடிக்கொள்ளும் இடம் இதுதான்.

அடுத்தது வருமானச் சான்றிதழ். மற்ற ஸ்காலர்ஷிப்புகள் பெரும்பாலும் இது இல்லாமல் நகராது. இ-சேவை மையத்தில் அறுபது ரூபாய் கட்டணம், பிறகு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார். ஒவ்வொரு நடைக்கும் பஸ் காசும், ஒரு காலைப் பூக்கூலியும் போகும்; சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதில் கேட்பது அப்பா, அம்மா வருமானம். அது பெரும்பாலும் 72,000 ரூபாய் என்று இருக்கும். அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் பழைய வருமான வரம்பு 72,000 ஆக இருந்த காலத்தில் பழகிப்போன எண் அது. வரம்பை 1,20,000 ஆக்கிய பிறகும் பல அப்பாக்களுக்குச் சம்பள உயர்வு வரவில்லை. நீங்கள் ஒரு கோடை முழுக்கச் சம்பாதித்ததை எழுத அந்தத் தாளில் இடமே கிடையாது. எழுதாதீர்கள். உழைத்தது தெரிந்தால் குடும்பம் பணக்காரக் குடும்பமாகிவிடும்.

இந்த விஷயத்தில் ஆஸ்திரேலியாக்காரன் தலைகீழாக யோசித்தான். கொரோனாவில் எல்லையை மூடியதும் பழம் பறிக்க வெளிநாட்டு இளைஞர்கள் வரவில்லை. பழம் மரத்திலேயே அழுகியது. உடனே ஒரு தற்காலிக விதி போட்டார்கள். 2020 நவம்பர் 30 முதல் 2021 டிசம்பர் 31 வரை விவசாய வேலையில் 15,000 டாலர் சம்பாதித்த உள்ளூர் இளைஞன், மாணவர் உதவித்தொகைக்குத் தகுதி பார்க்கும்போது பெற்றோரைச் சாராதவனாகக் கருதப்படுவான்.  பழம் பறித்ததே சான்றிதழ். இங்கே ஒரு பையன் வலையங்குளத்தில் எத்தனை கிலோ எடுத்தாலும், ‘அப்பா பெயர்?’ என்பதுதான் படிவத்தில் முதல் கேள்வி.

இவ்வளவும் சுற்றி வந்து, ஜூன் வந்தும் பணம் சேரவில்லையா? விவசாயத்தையும் கல்வியையும் ஒரே கவுண்டரில் இணைக்கும் ஒரே திட்டத்துக்கு வாருங்கள். விவசாய நகைக்கடன். அப்பாவிடமிருந்து பட்டா, சிட்டா, அடங்கல். அம்மாவிடமிருந்து தோடும் சங்கிலியும். மூன்று லட்சம் வரை பயிர்க்கடன் வட்டி 7 சதவீதம், குறித்த நாளில் திருப்பினால் 4. என்ன பயிர் என்று கேட்பார்கள், மல்லிகை என்று சொல்லுங்கள். பொய்யில்லை, பூ எடுத்த விரல் இன்னும் பச்சையாகத்தான் இருக்கும். வங்கியில் வாங்கிய கையோடு கல்லூரிக்குப் போய்க் கட்டிவிட்டு ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மேலூர் முதல் உசிலம்பட்டி வரை எத்தனையோ பொறியாளர்களும் நர்ஸ்களும் ஏட்டளவில் நெல்லாகவும் கரும்பாகவும் பருத்தியாகவும் விளைந்தவர்கள்.

டிகிரி முடிந்த பிறகும் வயல்வேலை ஆசை விடவில்லை என்றால் ஆஸ்திரேலியாவே கூப்பிடுகிறது. 18 முதல் 30 வயது இந்தியர்களுக்கு ஆண்டுக்கு ஆயிரம் ‘வொர்க் அண்ட் ஹாலிடே’ விசா, 2024 முதல் குலுக்கல் முறையில். குலுக்கலில் பெயர் கொடுக்க 25 டாலர். விழுந்தால் ஒரு வருடம் அங்கே தங்கலாம், பழம் பறிக்கலாம். அந்நாட்டுக் குறைந்தபட்சக் கூலி 2025 ஜூலையில் மணிக்கு 24.95 டாலர் ஆனது. பாஸ்போர்ட், பான் கார்டு, கல்லூரிச் சான்று, ஆங்கிலத் தேர்வு எல்லாம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கூடவே, பழம் பறிக்கப் போகிறவர் பிழைப்புக்கு வழியில்லாமல் போகவில்லை என்று காட்ட வங்கிக் கணக்கில் சுமார் 5,000 டாலர் இருப்பு வேண்டும். நம் பணத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேல். அம்மா கழுத்தில் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடங்கல் நகல் இன்னொன்று எடுத்து வைக்கும்படி அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.