அட்டவணை போடுங்கள், ஆபீசர் ஆகுங்கள்

மனை புரோக்கராக இருக்க நம் ஊரில் பரீட்சை எழுத வேண்டியதில்லை. 2016இல் வந்த ரேரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் பதிவு செய்துகொள்ளத்தான் சொல்கிறது. மகாராஷ்டிரத்தில் 2023 முதல் ஏஜெண்டுகளுக்குப் பயிற்சி, பரீட்சை எல்லாம் உண்டு, பாவம் அவர்கள். சேலையூரில் குடியிருந்து அகரம்தென் ரோட்டில் மனை காட்டும் உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் மனசு ஒரு பரீட்சையைத் தேடுகிறது. பட்டா, சிட்டா, அடங்கல் என்று வி.ஏ.ஓ. ஆபீஸ் வாசலில் நின்றே பாதி வயது போய்விட்டது. நாமே உள்ளே உட்கார்ந்தால் என்ன?

நல்ல யோசனை. 2018 முதல் வி.ஏ.ஓ. வேலைக்கும் குரூப் 4 தேர்வுதான். 200 கேள்வி, 300 மார்க், மூன்று மணி நேரம், பத்தாம் வகுப்புத் தரம். இதற்கு முக்கியமானது திட்டமிடல். படிப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கீழே உள்ள முறையில் பெரும்பகுதி உங்களுக்கு ஏற்கெனவே கைவந்ததுதான். விட்டுப்போனதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1. கேம்ப் ரோட்டுக்குப் போய் சார்ட் பேப்பரும் நாலு கலர் ஸ்கெட்ச் பேனாவும் வாங்குங்கள். காலை 4 மணிக்கு எழுந்திருப்பதாகக் கட்டம் போடுங்கள். 4 முதல் 6 தமிழ், 6 முதல் 8 வரலாறு, 8 முதல் 10 அறிவியல். சாப்பாட்டுக்குப் பதினைந்து நிமிடம். குளிக்க நேரம் ஒதுக்காதீர்கள், அட்டவணையின் அழகு கெடும். தொழிலுக்கும் ஒதுக்காதீர்கள், சைட் பார்க்க ஆள் வந்தால் எந்த அட்டவணையும் நிற்காது என்பது உங்களுக்கே தெரியும். மறக்காமல் சுவரில் ஒட்டுங்கள். ஒட்டிய அன்று படிக்க வேண்டாம், களைத்திருப்பீர்கள்.

2. திங்கட்கிழமைதான் தொடங்க வேண்டும். திங்களன்று ராகுகாலம் காலை 7.30க்கு, நீங்கள் கண் விழிப்பதும் அப்போதுதான். ஆகவே அடுத்த திங்கள்.

3. மாதத்தையும் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் பத்திரப் பதிவு மந்தம், கை ஓய்வாக இருக்கும். ஆனால் அந்த மாதங்களில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது. தையில் தொடங்கலாம். தையில் கிரயம் குவியும், மூச்சுவிட நேரமிருக்காது. பஞ்சாங்கம் உங்கள் பக்கம் இருக்கிறது.

4. அறிவிப்பு வரும்வரை புத்தகத்தைத் தொடாதீர்கள். தேர்வாணையம் அடுத்த வருடத் தேர்வுத் தேதிகளை முன்கூட்டியே பட்டியல் போட்டு வெளியிடும். 'அதெல்லாம் சும்மா, தள்ளிப்போகும்' என்று சொல்லிவிடுங்கள். 2024இல் ஜூன் 9, 2025இல் ஜூலை 12 என்று தேர்வு நடந்ததை யாராவது நினைவுபடுத்தினால் பேச்சை மாற்றுங்கள். 2025இல் அறிவிப்பு வந்தது ஏப்ரல் கடைசியில். ஆக, இந்த முறையில் உங்களுக்கு முழுசாக இரண்டரை மாதம் கிடைக்கும். அதிலிருந்துதான் கீழே உள்ளவற்றுக்கெல்லாம் நேரம் ஒதுக்க வேண்டும்.

5. பி.டி.எஃப். சேகரியுங்கள். டெலிகிராமில் எத்தனை குழு உண்டோ அத்தனையிலும் சேருங்கள். போன் நிரம்பினால் மெமரி கார்டு வாங்குங்கள். இறக்கியது படித்ததற்குச் சமம். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையான பள்ளிப் புத்தகம்தான் அடிப்படை என்று எல்லாரும் சொல்வார்கள். அப்போது, 'பழைய புத்தகமா, புதுப் புத்தகமா?' என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை வைத்தே ஒரு மாதம் ஓட்டலாம். உங்கள் வீட்டு மாடி போர்ஷனில் ஒரு பெண் படிக்கட்டில் உட்கார்ந்து ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கும். அந்தப் பக்கம் திரும்பாதீர்கள். திட்டமே இல்லாத பிள்ளை.

6. தமிழுக்கு அட்டவணையில் இடமிருக்கட்டும், நேரம் கொடுக்காதீர்கள். 200 கேள்வியில் 100 தமிழ். அதற்கு 150 மார்க். அதில் 40 சதவீதம், அதாவது 60 மார்க் எடுக்காவிட்டால் உங்கள் பொது அறிவுப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். இதைக் கேட்டதும் சிரியுங்கள். 'பொறந்ததிலிருந்து பேசுறோம், தமிழ்ல ஃபெயில் ஆவோமா?' 'கிரய சாசனம் என்னவென்றால்' என்று ஆரம்பிக்கும் பத்திரத்தை நாலு எல்லையோடு மூச்சுவிடாமல் வாசிக்கிறவர் நீங்கள். பிரித்தெழுதச் சொன்னால்? பாகப்பிரிவினையே பண்ணி வைத்தவர். வினையெச்சம், பெயரெச்சம் எல்லாம் பத்தாம் வகுப்போடு தீர்ந்த கணக்கு, கிளறாதீர்கள். பதிலுக்கு அரசியலமைப்பில் இறங்குங்கள். எந்தத் திருத்தம் எந்த வருடம் என்று இரவெல்லாம் மனப்பாடம் செய்யுங்கள். தமிழில் 60 வராத விடைத்தாளில் அத்தனையும் பத்திரமாக இருக்கும், யார் கண்ணும் படாது.

7. கணக்கைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுங்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, ஒரு சென்ட் 435.6 என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். வட்டிக் கணக்கை விரலிலேயே போடுவீர்கள். தேர்வில் பரப்பளவும் வட்டியும் வருகிற 25 கேள்விப் பகுதி உங்களுக்கு அல்வா. ஆகவே அதைத் தொடக் கூடாது. தெரிந்ததைப் படித்தால் மார்க் வந்துவிடும். அப்புறம் திட்டத்துக்கு என்ன மரியாதை?

8. வீட்டில் படிக்காதீர்கள். கோட்டூர்புரத்துக்குப் போங்கள். அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் வைத்துப் படிக்கத் தனி இடமுண்டு, ஏ.சி. உண்டு. சேலையூரிலிருந்து பஸ் பிடித்து வேளச்சேரி, அங்கிருந்து பறக்கும் ரயில். ராஜகீழ்ப்பாக்கத்தில் நெரிசல், மேடவாக்கத்தில் இன்னும் நெரிசல். போய்ச் சேர்வதற்குள் பசிக்கும். முதலில் கேன்டீன். பிறகு ஒரு இடம் பிடித்து, பையை வைத்து, போனை சார்ஜில் போட்டு, நூலகத்தின் முன்னால் நின்று ஒரு படம் எடுத்து ஸ்டேட்டஸில் வையுங்கள். 'விதைத்துக்கொண்டே இரு' என்கிற மாதிரி ஏதாவது எழுதுங்கள். சாயங்காலக் கூட்டத்துக்கு முன்னால் கிளம்ப வேண்டும், அதுவும் திட்டத்தில் சேரும்.

9. குரூப் ஸ்டடி அவசியம். இடம், டீக்கடை. பாடம், கட்-ஆஃப். 2025 அறிவிப்பில் 3,935 இடம், அதில் வி.ஏ.ஓ. 215. அந்த 215இல் உங்கள் இனத்துக்கு எத்தனை, போன தடவை எத்தனை மார்க்கில் நின்றது, இந்தத் தடவை ஏறுமா இறங்குமா என்று தினமும் இரண்டு மணி நேரம் விவாதியுங்கள். நடுவில், 'அண்ணே, மப்பேட்டுல ஒரு பார்ட்டி ரெடியா இருக்கு' என்று தம்பி யாராவது போன் செய்வார். எழுந்து போங்கள். கமிஷனும் படிப்பும் இரு கண்கள்.

10. தேர்வுக்கு முந்தின இரவு விடிய விடியப் படியுங்கள். மொத்தத் திட்டத்தில் நீங்கள் உருப்படியாகப் படிக்கப்போவது இந்த ஒரு இரவுதான், வீணாக்காதீர்கள். காலை 9 மணிக்கு மேல் கேட்டுக்குள் விடமாட்டார்கள். 8.50க்கு வண்டியில் பெட்ரோல் போடுங்கள். கருப்புப் பேனா வேண்டும். நீலத்தோடு போய் பக்கத்து சீட்டில் கடன் கேளுங்கள்.

11. ஹாலில், தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் நிதானமாக யோசியுங்கள். விடை தெரியாவிட்டால் 'ஈ' என்ற ஐந்தாவது வட்டத்தை நிரப்ப வேண்டும், எந்த எழுத்தில் எத்தனை நிரப்பினீர்கள் என்று எண்ணி எழுதவும் வேண்டும். எண்ணும்போது 199 வரும். மறுபடி எண்ணுங்கள். 201 வரும்.

12. தற்காலிக விடைக்குறிப்பு வந்ததும் மதிப்பெண் போடுங்கள். தப்பானதை எல்லாம் 'கீ தப்பு' என்று எழுதிக்கொள்ளுங்கள்.

13. முடிவு வந்த பிறகு கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு மனைக்கு அடங்கல் தேவைப்படும். ஆபீஸ் வாசலில் டோக்கன் வாங்கி நில்லுங்கள். உள்ளே மாடி போர்ஷன் பெண் உட்கார்ந்திருக்கும். பழைய பழக்கத்தில் 'என்னம்மா' என்று ஆரம்பித்துவிடாதீர்கள். 'வணக்கம் மேடம்' என்று சொல்லி, சர்வே நம்பரை நீங்களே எடுத்துக்கொடுங்கள். அதுவாவது உங்களுக்கு மனப்பாடமாகத் தெரியும்.