செங்குத்து வீரர்

நின்ற இடத்திலிருந்து நேராக எழும்பும் போர் விமானம் என்றாலே ஹாரியர்தான். 1969-இல் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தது. பெகாசஸ் எஞ்சினின் நான்கு நாசில்களையும் கீழ்நோக்கித் திருப்பினால் போதும், ஓடுபாதை எதற்கு என்று ஒரே பெருமை. குண்டும் ஏவுகணையும் எரிபொருளும் நிறைய ஏற்றிவிட்டால் ஐயா அசைய மாட்டார்; மற்றவர்களைப்போல ஓடித்தான் கிளம்ப வேண்டும். அதற்கென்றே விமானந்தாங்கிக் கப்பல் முனையில் மேல்நோக்கி வளைந்த மேடை கட்டினார்கள். நம் விராட் கப்பலிலும் அது இருந்தது. வேடிக்கை காட்டச் செங்குத்து, வேலைக்குப் போக ஓட்டம்!

சின்ன வயதில் நாங்கள் ஒட்டிய ஏர்ஃபிக்ஸ் பொம்மை ஹாரியருக்கு இந்தத் தொல்லை இல்லை. எல்லா ஏவுகணைகளையும் மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையிலிருந்து நேரே ஃபேன் வரை போகும். எரிபொருள், வாயால் போடும் 'உய்ங்' சத்தம். திரும்ப வேண்டிய நாசில்களில் மூன்று பசையில் இறுகிக் கிடந்தன என்பதை எதிரி கவனிக்கவே இல்லை.

சோவியத்தின் யாக்-38 இன்னும் நேர்மையானது. அந்தரத்தில் நிற்கும்போது அளவுக்கு மீறிச் சாய்ந்தால், விமானியைக் கேட்காமலே இருக்கை அவரை வெளியே வீசிவிடும். நம்பிச் செங்குத்தாகக் கிளம்பக்கூடியது அதில் இருக்கை ஒன்றுதான்.

2011-இல் பிரிட்டன் தன் 72 ஹாரியர்களை அமெரிக்காவுக்கு விற்றது, உதிரிபாகங்களுக்காக. பசை டியூபும் படம்போட்ட தாளும் கூடவே இலவசமாகக் கொடுத்திருப்பார்கள்.