பீட்சா வந்த வழி: ஒரு பிழையாய்வு

குடும்ப நகைச்சுவைப் படத்தில் பிழை காணல் என்பது, வீடே சிரித்துக்கொண்டிருக்கையில் ஒருவர் மட்டும் ரிமோட்டைப் பிடுங்கிப் படத்தைப் பின்னால் ஓட்டுவது. இத்துறைக்கு மூலநூலாக 1990-இல் வந்த 'ஹோம் அலோன்' படத்தைக் கொள்வோம்.

முதற்கண் பீட்சாச் சிக்கல். இரவுக் காற்றில் மரம் முறிந்து கரண்ட் போகிறது. காலையில் லைன்மேன் வந்து, கரண்ட் வந்தாயிற்று, போன் சரியாக ஓரிரு நாளாகும் என்கிறார். பாரிஸுக்குப் போய்விட்ட தாய்க்கு வீட்டு லைன் கிடைக்கவே இல்லை. கதை ஓடுவதே அதனால்தான். வீட்டில் தனியே விடுபட்ட மகன் கெவினுக்கோ சுடச்சுட பீட்சா வருகிறது! 11.80 டாலர் பில்லுக்கு 12 டாலர் கொடுத்து, வீடியோவில் ஓடும் தாதாவின் குரலிலேயே மிச்சத்தை வைத்துக்கொள்ளச் சொல்கிறான் அந்த எட்டு வயதுக் கனவான். ஆர்டர் கொடுத்தது எந்தப் போனில்?

உள்ளூர் லைன் பிழைத்தது, வெளியூர் லைனே அறுந்தது என்பாரும் உளர். இது உரையாசிரியர் நச்சினார்க்கினியர் வழி. எங்கோ கிடப்பதை இழுத்துவந்து இங்கே மாட்டிப் பொருள் உரைப்பது. பக்கத்து வீட்டுப் போனில் பேசியிருப்பான் என்பாரும் உளர். பண்டிகைக்கு ஊருக்குப் போனவர்களின் பூட்டிய வீட்டில் புகுவது படத்தில் திருடர் தொழிலாகலின், அதுவும் பொருந்தாமை அறிக.

அடுத்தது பாத ஆய்வு. திருடனாக வரும் டேனியல் ஸ்டெர்ன், வெறுங்கால் காட்சிகள் சிலவற்றில் ரப்பர் பாதம் மாட்டிக்கொண்டு நடித்தார். இதை அறிந்த ஆய்வாளர், அவர் கண்ணாடி உருண்டைகளை மிதித்து அலறும் இடத்தில் சிரிக்கமாட்டார். கணுக்காலில் மடிப்பு தேடுவார். ஆனால் பெரிய பித்தலாட்டம் கண்ணில் படுவதே இல்லை. வெளியே தெரிவது வின்னெட்காவில் உள்ள நிஜ வீடு. உள்ளே பெரும்பாலும் ஒரு பள்ளி ஜிம்மில் போட்ட செட். வாசற்படி தாண்டும்போதெல்லாம் பையன் கட்டடமே மாறுகிறான்.

எடிட்டர் வால்டர் மர்ச், ஒரு வெட்டுக்கு இடும் நூறு மதிப்பெண்ணில் உணர்ச்சிக்கு 51 தருகிறார். யார் எங்கே நிற்கிறார் என்ற இடத்தொடர்ச்சிக்கு 4. எங்கள் துறை முழுவதும் அந்த நாலில்தான் குடித்தனம் நடத்துகிறது.

தமிழில் இத்துறையின் முன்னோடி, 'தில்லுமுல்லு' (1981) முதலாளி தேங்காய் சீனிவாசன். ரஜினிக்கு ஒரு காட்சியில் மீசை இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. பிழையைச் சரியாகப் பிடித்தவர், அது தம்பி என்ற உரையையும் நம்பி, அந்தத் தம்பியையே மகளுக்குப் பாட்டு வாத்தியாராக வைத்துக்கொண்டார்.