சித்தப்பாவின் கௌதாரியும் பேரனின் வான்கோழியும்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், 1967-க்கு முன் பிறந்தவர்கள் வேட்டைப் பாடம் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நான் அந்தக் கணக்கில் தப்பியவன். பதினோரு வயதுப் பேரனோ படித்து, தேர்வெழுதி, சான்றிதழ் வாங்கியிருக்கிறான். ஏப்ரலில், பெரியவர்களின் பருவம் தொடங்கும் முன்பே பிள்ளைகளுக்கென்று ஒரு வார இறுதியை ஒதுக்குகிறார்கள். அப்போது ஓசார்க் மலைக்காட்டுக்கு நாங்கள் வான்கோழி வேட்டைக்குப் போகிறோம். அவன் சொல்கிறான், நான் கேட்கிறேன்.

எங்கள் நாளில் சொன்னவர் சித்தப்பா. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமம். சித்தப்பா ஒரு கௌதாரியைக் குஞ்சிலிருந்து வளர்த்துப் பழக்கியிருந்தார். விடிவதற்குள் அதைக் கூண்டோடு கம்பங்காட்டு வரப்பில் வைத்துச் சுற்றிலும் கண்ணி பரப்புவார். கூண்டுக் கௌதாரி கத்தும். தன் எல்லைக்குள் எவனோ புகுந்துவிட்டான் என்று காட்டுக் கௌதாரி பதில் கொடுத்துக்கொண்டே சண்டைக்கு ஓடிவரும். கண்ணியில் கால் மாட்டும். சேவலா, பெட்டையா, முட்டையிடும் காலமா என்று யாரும் கேட்டதில்லை. மாட்டியதெல்லாம் குழம்புக்குப் போகும். சித்தப்பா கெட்ட மனிதர் அல்ல. பறவை தீர்ந்துபோகும் என்ற எண்ணமே அந்த ஊரில் யாருக்கும் இருந்ததில்லை.

வான்கோழி வேட்டையிலும் கூப்பிடுவதுதான் வித்தை. ஆனால் இங்கே கூப்பிடுவது மனிதன். பேரன் ஒரு சிறிய கற்பலகை மேல் குச்சியை உரசிப் பெட்டையின் குரலை எழுப்புகிறான். இயற்கையின் வழக்கப்படி சேவல் மரக்கிளையிலிருந்து முழங்கும், பெட்டைதான் அதைத் தேடிப் போகும். நாம் அதற்கு நேர்மாறாகச் சேவலை வரச்சொல்கிறோம். அதனால் அது பாதி வழியில் நின்று, வாலை விசிறியாக விரித்து, ‘நீயே வா’ என்று காத்திருக்கும். நாமும் மரத்தில் முதுகைச் சாய்த்து அசையாமல் இருக்க வேண்டும். அதன் கண் அவ்வளவு கூர்மை. சிவப்பு, வெள்ளை, நீலத் துணி உடம்பில் எங்குமே கூடாது. சேவலின் தலை அந்த மூன்று நிறங்களிலும் இருப்பதால், இன்னொரு வேட்டைக்காரர் நம்மையே பறவையென்று நினைத்துவிடலாம்.

சேவலையோ, மார்பில் தாடிபோல் முடிக்கற்றை தொங்கும் பறவையையோ மட்டுமே இந்தப் பருவத்தில் சுடலாம். சுட்டால் அன்றிரவு பத்து மணிக்குள் மாநிலத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். பருவத்தின் நாளையே, பெட்டைகள் பெரும்பாலும் இணைசேர்ந்து முடிந்திருக்கும்படி பார்த்துத்தான் குறிக்கிறார்கள்.

ஒரு காலையில் நல்ல தாடியோடு சேவல் ஒன்று வந்தது. பேரன் துப்பாக்கியைத் தூக்கினான். பிறகு மெல்லத் தாழ்த்திவிட்டான். “அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியல தாத்தா” என்றான். புதருக்கு அப்பால் யாராவது உட்கார்ந்திருக்கலாம். எனக்கு அவன் மேல் அன்று வந்த மதிப்பு, அவன் பறவையைக் கொண்டுவந்திருந்தால்கூட வந்திருக்காது.

இந்த ஒழுங்கு ஆதியிலிருந்தே இருந்ததல்ல. வானத்தை மறைத்துப் பறந்த பயணப்புறாவைச் சுட்டே தீர்த்த நாடு இது. கடைசிப் பறவை 1914-இல் சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் செத்தது. வான்கோழியும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. காட்டை வெட்டினார்கள், கண்டபடி சுட்டார்கள். 1950-களின் தொடக்கத்தில் மிசௌரி முழுவதிலும் 2,500 பறவைகள்கூட இல்லை. பண்ணையில் வளர்த்தவற்றை ஆயிரக்கணக்கில் விட்டுப் பார்த்தார்கள். அவற்றுக்குக் காட்டில் பிழைக்கத் தெரியவில்லை. 1954 முதல் எஞ்சியிருந்த காட்டுப் பறவைகளையே வலைவீசிப் பிடித்து, பறவை அற்றுப்போன இடங்களில் கொண்டுபோய் விட்டார்கள். அது பலித்தது. 1960-இல் மூன்றே நாள் வேட்டைக்குத் திறந்தபோது சுடப்பட்டவை 94. இன்று ஒரு வசந்தத்தில் பல்லாயிரம் சுடப்படுகின்றன, ஆனாலும் காடு முழங்குகிறது. இவ்வகை வேலைகளுக்கான பணத்தில் ஒரு பங்கு வேட்டைக்காரர்களுடையது: அனுமதிச் சீட்டுக் கட்டணம், துப்பாக்கி மீதும் தோட்டா மீதும் வசூலாகி 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒதுக்கப்படும் வரி. பறவையைத் தீர்த்த அதே துப்பாக்கியிலிருந்தே அதை மீட்கும் பணமும் வந்தது.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் 1991-இல் வந்த திருத்தமும் வேட்டையைத் தடைசெய்துவிட்டன. கௌதாரியும் அதில் அடக்கம். அந்தத் தடை சரியானது, நீடிக்க வேண்டியது. ஆனால் எங்கள் கம்பங்காடு இப்போது வீட்டுமனை. ஊரில் என் பேரன் வயதுப் பிள்ளைகளுக்குக் கௌதாரியின் குரலே தெரியவில்லை. தெரியாத பறவைக்காக யார் வாதாடுவார்கள்? துப்பாக்கி வேண்டாம், கண்ணியும் வேண்டாம். விடிவதற்கு முன் பிள்ளைகளை ஒரு வரப்புக்குக் கூட்டிப்போங்கள். அந்தக் குரல் எதனுடையது என்று சொல்லிக்கொடுங்கள். சாலையோரத்தில் யாராவது கௌதாரியைக் கூண்டிலோ கட்டித் தொங்கவிட்டோ விற்றால் வாங்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.