இரண்டரை மீற்றர்

மகள் இருந்து படிக்கட்டும் என்று பின்வளவில் ஒரு சின்ன மர அறை போட்டோம். கூரை ஏறிய கிழமையே யாரோ கவுன்சிலுக்கு முறைப்பாடு அனுப்பிவிட்டார்கள்.

வந்த அதிகாரி மரியாதையானவர். இங்கிலாந்தில் இப்படியான அறைக்குப் பெரும்பாலும் பிளானிங் பெர்மிஷன் வேண்டாம். ஆனால் வேலியிலிருந்து 2 மீற்றருக்குள் நின்றால் உயரம் 2.5 மீற்றரைத் தாண்டக்கூடாது. எங்கள் நிலம் சரிவு. அறையைச் சுற்றி எந்த இடத்தில் தரை ஆக உயர்ந்திருக்கிறதோ அங்கிருந்துதான் அளக்கவேண்டும் என்று குந்தியிருந்து புல்லை விலக்கி டேப்பை வைத்தார். 2.46. பழைய வீடு என்றபடியால், 1948 ஜூலை 1இல் அது இருந்த அளவை வைத்து, மிச்ச நிலத்தில் பாதிக்கு மேல் கட்டடம் இல்லை என்பதையும் பார்த்தார். போகும்போதுதான் கேட்டார்: "இதற்குள் யாரும் படுப்பதில்லைத்தானே?"

அதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்கவேண்டும்.

2000களின் தொடக்கத்தில், கிழக்கு லண்டனில், நான் வாடகை கொடுத்து இருந்தது இதைவிடப் பதிந்த ஒரு ஷெட்டில். பெரிய வீட்டிலிருந்து இழுத்த ஒரே வயரில் ஹீட்டரும் கேத்தலும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் எல்லாம் நின்றுவிடும். விடியும்போது தலைமாட்டுப் பலகையில் ஈரம் கோத்திருக்கும். நெருப்புப் பிடித்தால் ஓட ஒரே கதவு. அதற்கு முன்னால் கேஸ் சிலிண்டர். கூரை வேலிக்கு மேலே தெரியாததால் ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை.

15 சதுர மீற்றருக்கு உட்பட்ட ஷெட்டைக் கட்டட விதிகள் பொதுவாக விட்டுவிடும், ஆள் படுக்காதவரை. அந்த நிபந்தனையை எழுதியவர்களுக்கு ஆபத்து எங்கே என்று தெரிந்திருக்கிறது. தேடிப் போனவர்கள்தான் குறைவு. ஸ்லௌ கவுன்சில் 2013இல் வெப்பக் கமராவோடு விமானம் பறக்கவிட்டு, எந்தப் பின்வளவு ஷெட் சூடாக இருக்கிறது என்று பார்த்தது. அளவுக்கு மீறிய வேலை என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை.

அந்தக் கிழக்கு லண்டன் வீட்டுக்காரர் நாலு வருடக் கணக்கில் இருந்தார். அப்போதைய விதிப்படி, ஆட்கள் குடியிருந்து நாலு வருடம் போனால், அதைத் தனி வீடு என்று காட்டிவிடலாம். கவுன்சில் பிறகு கைவைக்க முடியாது. 2024 ஏப்ரல் 25 முதல் இங்கிலாந்தில் அந்தத் தவணை பத்து வருடம். செய்தியை வாசித்ததும் மனைவியைக் கூப்பிட்டு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.