இகழ்வோருக்கு ஒரு புகழ்மாலை

நகைச்சுவைக் காதல் நாவல்களை ஏறெடுத்தும் பாராத பெரியோர்களே! உங்களைப் புகழ வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். எழுதியவர்களுக்கு விருது கிடைக்கிறது, பதிப்பித்தவர்களுக்குப் பணம் கிடைக்கிறது. ஒரு நூல் வகையை இருநூறு ஆண்டுகளாகச் சளைக்காமல் இகழ்ந்து, அந்த இகழ்ச்சியாலேயே அதற்கு உரமேற்றிய உங்களுக்கு மட்டும் இதுவரை யாரும் ஒரு மாலை போட்டதில்லை. அந்தக் குறையை இன்று தீர்க்கிறேன். அதியமானின் தூதராகப் போன ஔவையார் தொண்டைமானின் படைக்கலங்களைப் பார்த்துப் புகழ்ந்தபோது ஒரு சொல்லும் பொய் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

முதலில் உங்கள் கண்ணின் கூர்மை. ஒரு நாவலை மதிப்பிட எங்களுக்கு முந்நூறு பக்கம் படிக்க வேண்டியிருக்கிறது; உங்களுக்கு அட்டையே போதும். தொப்பி அணிந்த பெண்ணும் குதிரை வண்டியும் தெரிந்தால் கதையைச் சொல்லிவிடுகிறீர்கள்: இருவர் சந்திப்பார்கள், சண்டை போடுவார்கள், கடைசியில் கல்யாணம். சரியாகத்தான் சொல்கிறீர்கள். 1813 ஜனவரியில் லண்டனில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலுக்கும் அதுதான் கதை. எலிசபெத்தும் டார்சியும் சேர்வார்கள் என்பதை, முதல் நடன விருந்தில் அவர் அவளை அலட்சியப்படுத்தும்போதே வாசகர் ஊகித்துவிடலாம்.

நீங்கள் அட்டையோடு நின்றுவிட, வாசகர் உள்ளே போகிறார். போனதும் அவருக்குக் கிடைப்பது வரவுசெலவுக் கணக்கு. டார்சியின் நண்பர் பிங்லிக்கு ஆண்டு வருமானம் 4,000 அல்லது 5,000 பவுண்டு. டார்சிக்கு 10,000. எலிசபெத்தின் பென்னட் குடும்பத்துக்கு 2,000, அதுவும் தகப்பனார் இருக்கும் வரைதான். ஆண்பிள்ளை இல்லாததால் அவருக்குப் பிறகு வீடும் நிலமும் காலின்ஸ் என்ற உறவினருக்குப் போய்விடும். வீட்டில் ஐந்து பெண்கள். வரன் வேட்டையில் அலையும் அம்மாவைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். ஆனால் அந்த வீட்டில் நாளைய சோற்றைப் பற்றிக் கவலைப்படுகிறவள் அவள் ஒருத்திதான் என்பதும் மெல்ல உறைக்கிறது.

காலின்ஸ் பெண் கேட்கும் காட்சியை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். எலிசபெத் மாட்டேன் என்கிறாள். நல்ல குடும்பத்துப் பெண்கள் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவர் மகிழ்கிறார். அவள் இன்னும் தெளிவாக மறுக்கிறாள். அவருக்கு நம்பிக்கை இன்னும் கூடுகிறது. ஒரு பெண் வாய்திறந்து சொல்லும் மறுப்பு ஓர் ஆணின் காதில் ஏறவே ஏறாது என்பதைச் சொல்ல ஆஸ்டினுக்கு ஒரு சொற்பொழிவு தேவைப்படவில்லை. அடுத்த சில அத்தியாயங்களில் எலிசபெத்தின் தோழி சார்லட், 27 வயதுக்காரி, புத்திசாலி, அதே காலின்ஸுக்குச் சம்மதம் சொல்கிறாள். தனக்கென்று ஒரு வீடு வேண்டும் என்பதுதான் காரணம். சற்றுமுன் சிரித்த சிரிப்பு அப்போது தொண்டையில் நின்றுவிடுகிறது. அட்டையைப் பார்த்தே தீர்ப்பு எழுதும் ஆற்றல் உள்ளவர்களுக்கு இந்தத் தொந்தரவு எதுவும் இல்லை.

முடிவு முன்பே தெரிந்த கதையில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள். முடிவு தெரிந்திருப்பதுதான் இதில் பெரிய சுகம். ‘சேர்வார்களா’ என்ற பதைப்பு விலகியதும் மனம் ‘எப்படி’ என்பதில் ஊன்றிவிடுகிறது. ஒரு பேச்சு எங்கே திசை மாறியது, ஒரு மௌனம் எவ்வளவு நீண்டது, யார் யாரைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று கவனிக்கத் தொடங்குகிறோம். டார்சி தன் தரப்பை விளக்கி எழுதிய கடிதத்தை எலிசபெத் திரும்பத் திரும்பப் படிக்கும் இடத்தில், அதுவரை நாம் சிரித்துக் கடந்த காட்சிகளையெல்லாம் அவளோடு சேர்ந்து மறுபடி எடைபோடுகிறோம். தன் தவறைத் தானே கண்டுபிடிக்கும் ஒரு மனத்தை இவ்வளவு அருகிலிருந்து காட்டும் பக்கங்கள் கனமான நாவல்களிலும் அரிது. ஷேக்ஸ்பியரின் ‘ஆஸ் யூ லைக் இட்’ நான்கு கல்யாணங்களில் முடிகிறது. அதை நீங்கள் பாடத்தில் வைத்திருக்கிறீர்கள். துப்பறியும் கதையில் கொலைகாரன் அகப்படுவான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதில் நீங்கள் குறை கண்டதில்லை. கதையின் முடிவில் ஒரு பெண் மகிழ்ச்சியாக இருந்தால் மட்டும் உங்கள் விழிப்புணர்வு கூடிவிடுகிறது.

அடுத்து, உங்கள் பகுத்தறியும் திறன். பி.ஜி. வுட்ஹவுஸின் பிளாண்டிங்ஸ் கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். காதலர்கள் பிரிகிறார்கள், ஆள்மாறாட்டம் நடக்கிறது, ஒரு பன்றியைக் கடத்துகிறார்கள், கடைசியில் நிச்சயதார்த்தம். அவரை நகைச்சுவை மேதை என்று கொண்டாடுகிறீர்கள். கொண்டாட வேண்டியவர்தான், நானும் வணங்குகிறேன். அவருடைய ‘தி பிரின்ஸ் அண்ட் பெட்டி’ நாவலை 1912இல் இங்கிலாந்தில் வெளியிட்டது, பின்னாளில் காதல் கதைகளுக்கே பேர்போன மில்ஸ் அண்ட் பூன் நிறுவனம். அதே குழப்பம், அதே ஆள்மாறாட்டம், அதே நிச்சயதார்த்தம் ஒரு பெண்ணின் பேனாவிலிருந்து வந்தால் அது பொழுதுபோக்குக் காதல் கதை ஆகிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே ஓடுகிறது என்று எங்களைப் போன்றவர்களுக்குத் தெரிவதில்லை. எழுதியவரின் பெயரைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

உங்கள் மௌனத்தையும் புகழ வேண்டும். ஆங்கிலக் காதல் நாவலாசிரியர் ஜார்ஜெட் ஹேயர் 19 வயதில், 1921இல், தன் முதல் நாவலை வெளியிட்டார். நோயுற்றிருந்த தம்பியை மகிழ்விக்கச் சொன்ன கதை அது. அவருடைய ‘தீஸ் ஓல்ட் ஷேட்ஸ்’ வந்த 1926, பிரிட்டனில் பொது வேலைநிறுத்தம் நடந்த ஆண்டு. மதிப்புரை இல்லை, விளம்பரம் இல்லை. இருந்தும் நூல் அமோகமாக விற்றது. விளம்பரம் தேவையில்லை என்ற முடிவுக்கு அவர் வந்தார். பேட்டி கொடுப்பதைக் கடைசி வரை தவிர்த்தார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எந்தத் துணி எந்தக் கடையில் கிடைத்தது, வண்டியோட்டிகள் எப்படித் திட்டிக்கொண்டார்கள் என்று குறிப்பேடு குறிப்பேடாக எழுதி வைத்தார். உங்கள் பாராட்டுக்காக ஒரு வரியையும் அவர் வளைக்க வேண்டியிருக்கவில்லை. எந்தக் கல்விக்கழகமும் ஓர் எழுத்தாளருக்கு இவ்வளவு சுதந்திரம் தந்ததில்லை.

அந்தச் சுதந்திரத்தில் விளைந்தது ‘தி கிராண்ட் சோஃபி’ போன்ற நாவல். 1950இல் வந்தது. குரங்கு, கிளி, நாய், குதிரை சகிதம் அத்தை வீட்டில் வந்திறங்கும் ஒரு பெண், அந்த வீட்டின் சிடுக்குகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கிறாள். பலரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வந்து மாட்டிக்கொள்ளும் கடைசிக் காட்சியை அமைக்க எவ்வளவு கணக்கு வேண்டும்! யார் எப்போது கதவைத் திறக்க வேண்டும் என்பதில் ஒரு நொடி பிசகினாலும் சிரிப்பு செத்துவிடும். இலேசாகத் தெரியும்படி எழுதுவது அவ்வளவு கடினம். இதே நாவலில் வட்டிக்கடைக்காரரைச் சித்திரித்த விதத்தில் யூத வெறுப்பு அப்பட்டமாகத் தெரிகிறது. அது பெரிய களங்கம். அதைக் கண்டு முகம் சுளித்தவர்கள் இந்த நாவலை நேசித்துப் படித்தவர்கள்தான். படிக்காமல் இகழ்பவர்களின் இகழ்ச்சியில் இந்த மாதிரி உண்மையான குறைகள் எதுவும் கலந்துவிடுவதில்லை. அது எப்போதும் தூய்மையாகவே இருக்கிறது.

இத்தகைய நூல்களால் வாழ்க்கைக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்பது நல்ல கேள்வி. ருமேனியாவில் அரசியல் கைதியாகப் பல ஆண்டுகள் சிறையில் கிடந்த ஒரு பெண், ஹேயரின் ‘ஃப்ரைடேஸ் சைல்ட்’ கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தன்னையும் உடனிருந்த கைதிகளையும் மனம் சிதறாமல் காத்துக்கொண்டதாக ஹேயருக்கு எழுதினார். 1943 டிசம்பரில் வட ஆப்பிரிக்காவில் நிமோனியாவில் படுத்த வின்ஸ்டன் சர்ச்சில், உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே, மகள் சாராவைத் தனக்குப் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ படித்துக்காட்டச் சொன்னார். சிறைக்கும் போருக்கும் பொருந்திய நூல்கள் உங்கள் வரவேற்பறைக்குப் பொருந்தவில்லை என்றால், உங்கள் தரம் எவ்வளவு உயர்ந்ததாக இருக்க வேண்டும்!

சில நூல்களை நீங்கள் சாலைக்கே அனுப்பினீர்கள். 2003இல் இங்கிலாந்தின் எம்6 கட்டணச் சாலையைப் போட்டபோது, சுமார் 25 லட்சம் பழைய மில்ஸ் அண்ட் பூன் நூல்களைக் கூழாக்கித் தாரோடு கலந்தார்கள். தார்க்கலவையைப் பிடித்துவைக்க அந்தக் கூழ் உதவியது. உலகம் முழுவதும் அந்தச் செய்தியைப் படித்துச் சிரித்தது. லாரிகளின் சுமையை அந்தச் சாலை இன்றும் தாங்குகிறது. வேறெந்த இலக்கிய வகைக்கும் இப்படி ஒரு பொதுப்பணி வாய்த்ததில்லை.

உங்கள் புத்தக அலமாரியையும் நான் மறக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்குள் பெரிய ருஷ்ய நாவல்களும் விருது பெற்ற தொகுதிகளும் முதுகு மடங்காமல், மூலை நசுங்காமல், வாங்கிய அன்றிருந்த பொலிவோடு நிற்கின்றன. எங்கள் நூல்களோ சென்னை வாடகை நூலகங்களில் அட்டை கிழிந்து, ஒட்டுத்தாள் ஒட்டி, பக்கம் பழுத்து, இருபது கை மாறி, தையல் விட்டு மறு பைண்டிங்கில் கிடக்கின்றன. பெண்கள் அவற்றைச் செய்தித்தாளில் அட்டை போட்டு மறைத்துப் படித்தார்கள். அந்த வெட்கமும் நீங்கள் தந்ததுதான். ஆஸ்டின் இதை அப்போதே கவனித்தார். ‘நார்த்தாங்கர் அபி’யின் ஐந்தாம் அத்தியாயத்தில், என்ன படிக்கிறாய் என்று கேட்டதும் கூச்சத்தோடு நூலைக் கீழே வைக்கும் பெண்ணைக் காட்டி, நாவலின் பெருமையை நேருக்கு நேர் வாதாடினார். உங்கள் முன்னோர்கள் அந்த அத்தியாயத்துக்கு வந்துசேரவில்லை போலும்.

கடைசியாக, உங்கள் பொறுமை. நீங்கள் யாரையும் அவசரப்பட்டுப் பாராட்டுவதில்லை. ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ உரிமையை ஆஸ்டின் 110 பவுண்டுக்கு விற்றார். 150 கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று விரும்பினார். 1817இல் இறந்தபோது வின்செஸ்டர் பேராலயத்தில் அவருடைய கல்லறைக்கல்லில் குணநலன்களைப் பொறித்தார்கள், நாவல் எழுதியவர் என்பதைப் பொறிக்கவில்லை. 1872இல்தான் அதைச் சொல்லும் பித்தளைப் பலகை வந்தது. 2017இல் அவர் முகம் 10 பவுண்டு நோட்டில் ஏறியது. 1969இல் ஏ.எஸ். பயட் என்ற தீவிர எழுத்தாளர் உங்கள் ஒழுங்கை மீறி, ஹேயர் நீங்கள் நினைப்பதைவிட நல்ல நாவலாசிரியர் என்று கட்டுரையே எழுதினார். ஹேயர் 1974இல் மறைந்தார். அவர் பிறந்த விம்பிள்டன் வீட்டில் நீலநிற நினைவுப் பலகை பதித்தது 2015இல். 1996இல் ஆஸ்டினின் கதையை வெளிப்படையாகக் கடன்வாங்கி ‘பிரிட்ஜெட் ஜோன்ஸ் டைரி’ எழுதிய ஹெலன் ஃபீல்டிங்கின் முறைக்கு இந்தக் கணக்குப்படி இன்னும் காலமிருக்கிறது. அவருடைய வாசகர்கள் நீங்கள் அனுமதிக்கும் வரை காத்திருக்கவில்லை.

பெரியோர்களே, இவ்வளவு புகழ்ந்த பிறகும் உங்களிடம் நான் பொறாமைப்படும் ஒரு செல்வம் மிச்சமிருக்கிறது. எலிசபெத் அந்தக் கடிதத்தைப் பிரிக்கும் இடத்தை நான் இனி முதல் முறையாகப் படிக்க முடியாது. சோஃபி வந்திறங்கும் வாசலில் இனி நான் திகைக்க முடியாது. அந்த முதல் வாசிப்பு உங்களிடம் இன்னும் செலவாகாமல் இருக்கிறது. இருநூறு ஆண்டுகள் கட்டிக்காத்தது போதும். இன்று இரவே அதைச் செலவழியுங்கள். பிறகு நீங்கள் இந்த நூல்களை இகழ்ந்தாலும் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் அப்போது அது ஒரு வாசகரின் குரலாக இருக்கும்.