கோட்டு போட்ட களவாணி

என்னடே தம்பி, பழைய களவாணிப் படங்களுக்கு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுதியாமே? 'வர்க்க விமர்சனம்'ங்க, 'அழகியல்'ங்க. கோழி களவாண்டவனைப் புளியமரத்துல கட்டிவச்ச ஊருடே இது. அவங்கிட்ட எவன் அழகியல் பாத்தான்? இடுப்புல ஒரு துண்டு, முதுகுல நாலு அடி. உன் ஆளு கஞ்சி போட்ட சட்டை, கறுப்புக் கோட்டு. அம்புட்டுதான வித்தியாசம்?

அப்படித்தான் நெனைச்சேன். 1932-ல லூபிட்ச் எடுத்த 'டிரபிள் இன் பாரடைஸ்' படத்தை நீ போட்டுக் காட்டுதவரைக்கும்.

வெனிசுல ராத்திரிச் சாப்பாடு. அவன் பிரபு வேசம், அவ சீமாட்டி வேசம். ரெண்டும் களவாணிக. 'நீ திருடன்'ங்கா அவ. அதே மூச்சுல உப்பை எடுத்துத் தாங்கா! அவனும் மரியாதையா எடுத்துக் குடுக்கான். பொறவு அவ நகையை இவன் நீட்டுதான். இவன் கடிகாரத்தை அவ நீட்டுதா. சும்மா குடுக்கல. அஞ்சு நிமிசம் பிந்தி ஓடிச்சாம், சரி பண்ணி வச்சாளாம். களவாண்ட பொருளைப் பழுது பாத்துத் திருப்பித் தாரவ எந்த ஊருல இருக்கா? காசு குடுத்து ரிப்பேருக்கு விட்ட கடிகாரமே எனக்கு இன்னும் திரும்பி வரல.

இந்த மாதிரிப் படங்களைப் பாத்துத்தான் அமெரிக்காவுல பெரிய மனுசருக்குக் கூச்சம் வந்துட்டு. 1934-ல தணிக்கை இறுகிச்சு. அதுக்குப் பொறவு இந்தப் படத்தை மறுவெளியீடு செய்ய விடலையாம். ஒழுக்கம் கெட்டுருமாம்! படம் பாத்தா களவாங்கப் போவான்? கோட்டு தைக்கவே காசு இருக்காதேடே.

கேரி கிராண்ட் 1955-ல ஒரு படத்துல பூனை மாதிரி கூரை ஏறுனதைச் சொல்லுதியே, மூஞ்சி லட்சணம் சரிதான். எனக்குப் பிடிச்சது 1966-ல வந்த 'ஹவ் டு ஸ்டீல் எ மில்லியன்'. பாரிசு அருங்காட்சியகம். சிலையைச் சுத்திக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிரு. இந்தக்காலத்து ஆளுன்னா நாலு கம்ப்யூட்டர் கொண்டாருவான். பீட்டர் ஓ டூல் என்ன கொண்டாந்தான்? பூமராங். விட்டெறிஞ்சான், மணி அலறிச்சு. காவக்காரன் ஓடியாந்தான், ஒண்ணுமில்ல. இன்னொருக்கா எறிஞ்சான். கடைசில மணியையே அமத்திப்புட்டானுவ! மிஷினு முழிச்சுத்தான் இருந்துச்சுடே. மனுசனுக்குத்தான் சலிப்பு வந்துட்டு.

அதுலயும் கூத்து, அந்தச் சிலையே போலி. களவாங்குதவனும் திருடனில்ல, போலியைக் கண்டுபிடிக்க வந்த துப்பறியுத ஆளு. அப்ப யாருடே அங்க களவாணி? இதுக்கு உன் கட்டுரையில அடிக்குறிப்பு உண்டா?

சரி, அந்தக் கடிகாரக் கட்டத்தை இன்னொருக்கா போடு. உன் விளக்கவுரையை மட்டும் அமத்திப்புட்டுப் போடு.